கரப்பானும் கருவாடும்

கைக்குழந்தையின் கன்னத்தில் செந்தடிப்பாகக் கரப்பான் கண்டுவிட்டால் போதும், வைத்தியர்களுக்குப் பஞ்சமே இராது. எதிர்வீட்டுப் பாட்டி குப்பைமேனியை உப்புடன் அரைத்துப் பூசச் சொல்வார். அத்தை, வேப்பிலை போட்டுக் கொதித்த வெந்நீர்தான் கைகண்டது என்பார். எலுமிச்சம்பழத்தைத் தேய்த்தால் கிருமி செத்துப் போகும் என்று சத்தியம் செய்ய ஒரு பெரியவர் வருவார். இவர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொல்லும் விஷயம் ஒன்று உண்டு: “பெற்றவள் மீனைத் தொடக் கூடாது, கத்தரிக்காயைக் கண்ணாலும் பார்க்கக் கூடாது!”

இந்தக் கடைசி உத்தரவுதான் கோவில்பத்துப் போன்ற ஊர்களில் பெருங் கொடுமையாகிறது. அரசலாறு கடலில் கலக்கும் காரைக்காலைச் சேர்ந்த ஊர் அது. மீனும் கருவாடும் அங்கே பல வீடுகளில் விருந்துப் பண்டமல்ல, அன்றாட ஆகாரம். பிள்ளை பெற்ற உடம்பு தேறவேண்டிய சமயத்தில் அதைப் பறித்துக்கொண்டு, ரசஞ்சோற்றைப் போட்டு உட்கார வைத்துவிடுகிறார்கள். அப்படியும் குழந்தைக்குக் குணம் காணவில்லையா? “ரகசியமாகக் கருவாடு தின்றிருப்பாள்” என்ற பழி வேறு!

நமது நாட்டு வைத்தியத்தில் ‘கரப்பான் பண்டம்’ என்று ஒரு வகுப்பே உண்டு என்பது நேயர்கள் அறிந்ததுதான். அந்த அனுபவம் அவ்வளவும் பொய் என்று நாம் சொல்லவரவில்லை. சில குழந்தைகளுக்கு முட்டையோ பசும்பாலோ ஒவ்வாமல் கரப்பான் கிளம்புவது மெய்யே. ஆனால் எது ஒவ்வவில்லை என்று வைத்தியர் கண்டுபிடித்துச் சொல்லுமுன், தாய்க்கும் குழந்தைக்கும் உணவைக் குறைப்பதால் மெலிவு உண்டாகுமே தவிர, கரப்பான் மெலியாது. பால் கொடுக்கும் தாய்மார் அனைவரையும் பத்தியத்தில் வைக்க வேண்டியதில்லை என்பதே இன்றைய வைத்தியர்களின் கொள்கை.

பின் கோளாறு எங்கே இருக்கிறது? பெரும்பாலும் சருமத்திலேயே இருக்கிறது. வயல் வரப்பில் நண்டு வளை வைத்தால் என்ன ஆகும்? உள்ளிருக்கும் தண்ணீர் வெளியே போகும். வேண்டாதது உள்ளே வரும். தோலின் மேற்படலத்தை இறுக்கிக் கட்டுவதற்கு ‘பிலாக்ரின்’ என்ற ஒரு புரதம் வேண்டும். ஸ்காத்லாந்திலுள்ள டண்டீ சர்வகலாசாலையின் விஞ்ஞானிகள், அப்புரதத்தைச் சரியாக உண்டாக்காத பரம்பரைக் குறை உள்ளவர்களுக்குக் கரப்பான் எளிதில் வருகிறது என்று 2006-ல் கண்டறிந்தார்கள். கரப்பான்காரர் எல்லாருக்கும் இந்தக் குறை இருப்பதில்லை. ஆனால் வரப்பு கசிவது எல்லாருக்கும் பொது. ஆகவே வீட்டு வைத்தியம் என்றால் வரப்பைப் பூசி மெழுகுவதுதான், மண்வெட்டியால் கொத்துவதல்ல.

கொதிக்கக் கொதிக்க வெந்நீர், உப்பு, எலுமிச்சை இவையெல்லாம் மண்வெட்டி வகை. எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயிலும் பட்டால் கொப்புளமே கிளம்பும். குப்பைமேனிப் பற்றும் வெடித்த தோலை எரிக்கக் கூடியது. வேம்பின்மீது நமக்கு அளவற்ற மரியாதை உண்டு. ஆயினும் நீர் கசியும் புண்ணில் அதை அரைத்து அப்புவது மரியாதையாகாது.

வெதுவெதுப்பான நீரில் ஐந்து அல்லது பத்து நிமிஷம் குளிப்பாட்டினால் போதும். சோப்பு வேண்டாம், காரமற்ற பயற்றமாவே அதிகம். துவாலையால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் முற்றும் காய்வதற்குள், அதாவது மூன்று நிமிஷத்துக்குள், எண்ணெய் பூசிவிட வேண்டும். எண்ணெய் தேய்த்துக் குளிப்பது நம் வழக்கம். கரப்பானுக்குக் குளித்து எண்ணெய் பூசுவதே உத்தமம். கடலோரத்துக் கிணறு உவர்ப்பாக இருந்தால், கடைசியாக ஒரு செம்பு நல்ல தண்ணீர் விட்டு அலசுவது நல்லது.

எந்த எண்ணெய்? தேங்காய்ப் பாலைக் காய்ச்சிப் பாட்டிமார் எடுத்த எண்ணெய்க்குச் சாட்சி பிலிப்பைன்ஸ் தேசத்திலிருந்து வந்திருக்கிறது. அங்கே கரப்பான் கண்ட 117 குழந்தைகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பச்சைத் தேங்காயிலிருந்து எடுத்த எண்ணெயையும், மற்றதற்குப் பெட்ரோலியத்திலிருந்து வடித்த எண்ணெயையும் எட்டு வாரம் பூசினார்கள். 2014-ல் வெளியான முடிவின்படி, முதற் பிரிவில் நோயின் கடுமை சுமார் 68 சதவீதம் குறைந்தது; மற்றதில் 38 சதவீதமே. கடுகெண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் சருமத்தின் கட்டைத் தளர்த்துகின்றன என்று வேறு ஆராய்ச்சிகள் கூறுவதால், விலை கொடுத்து அவற்றைத் தேடவேண்டாம்.

பள்ளிக்கூடத்தில் முழங்கை மடிப்பை மறைத்துக்கொண்டு ஒதுங்கி உட்காரும் பிள்ளைகளை நாம் பார்த்ததுண்டு. கரப்பான் ஒட்டுவாரொட்டியல்ல, பக்கத்தில் உட்காரலாம், தொட்டு விளையாடலாம். வீட்டில் பலருக்கும் இரவில் அரிப்பெடுத்து, விரலிடுக்கில் சிறு கொப்புளம் தோன்றினால் அது சிரங்கு. அதுதான் ஒட்டும். அதற்கு எண்ணெய் பலிக்காது. வீட்டார் அனைவரும் ஒரே சமயத்தில் மருந்து போட்டுக்கொள்ள வேண்டும்.

மருந்துக்கடையில் ஏதோ ஒரு ‘டியூப்’ வாங்கிப் பூசினால் இரண்டே நாளில் மாயமாய் மறைகிறதே என்பார்கள். மாயம் அல்ல, ஸ்டீராய்டு. வைத்தியர் சொன்ன அளவில் அது நல்ல மருந்து. வீண் பயம் வேண்டாம். தம்மிஷ்டமாக மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து போகும். அதனால்தான் 2018-ல் இந்திய சர்க்கார், இத்தகைய 14 மருந்துகள் சேர்ந்த களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கலாகாது என்று உத்தரவிட்டார்கள்.

கரப்பானில் மஞ்சள் நிறப் பொருக்குக் கட்டினாலும், ஜுரம் கண்டாலும், சின்னஞ்சிறு கொப்புளங்கள் கூட்டமாகப் புறப்பட்டாலும், எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும். மற்ற இரவுகளில் நகத்தை ஒட்ட வெட்டி, பழைய பருத்தித் துணியை உடுத்தி, அரிக்கும் இடத்தில் குளிர்ந்த ஈரத்துணியைச் சற்று வைத்தெடுத்து, மீண்டும் எண்ணெய் தடவினால் குழந்தை தூங்கும். தாயும், மீன் குழம்புச் சாதம் ஒரு கவளம் உண்டுவிட்டு, நிம்மதியாகத் தூங்கலாம்.