தண்டுவடம் பழுதுற்ற பின் வாழ்வு

சென்ற ஆண்டு ஒரு நெசவாளர் சங்கத்தின் கணக்குகளைத் தணிக்கை செய்தபோது, அங்கத்தினர் பதிவேட்டில் ஒரு பெயருக்கு எதிரே 'நீக்கலாம்' என்று பென்சிலால் குறித்திருக்கக் கண்டேன். காரணம் வினவினேன். தறி ஓடாத நாட்களில் தேங்காய் பறிக்கப் போனவர் மரத்தினின்று வீழ்ந்து, இடுப்புக்குக் கீழ் அசைவும் உணர்வும் இழந்துவிட்டாராம். பதினெட்டு மாதங்களாகச் சேலை ஒப்படைக்கவில்லையாம். அன்று மாலையே அவர் இல்லம் சென்றேன். அங்கே கண்டவற்றையும், பின்னர் மருத்துவர்களிடம் கேட்டறிந்தவற்றையும் அங்கத்தினர்களின் பொருட்டு ஈண்டு எழுதுகிறேன்.

தண்டுவடம் என்பது மூளையினின்று முதுகெலும்பினுள்ளே இறங்கும் நரம்புக் கற்றை. கழுத்தில் பழுதுற்றால் கைகளும் கால்களும், முதுகின் கீழ்ப்பகுதியில் பழுதுற்றால் கால்களும் செயலிழக்கும். பாவில் அறுந்த இழையைப் பிணைப்பது போல இதனைப் பிணைக்க இன்றுவரை வழி காணப்படவில்லை. ஆகையால் வீழ்ந்தவரைக் கையும் காலும் பற்றித் தூக்குதல் பெரும் பிழை. தலையும் உடலும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி பலகையில் கிடத்தி, 108 வண்டியை அழைத்தல் வேண்டும். நம் நண்பரையோ நால்வர் தூக்கித் தோளில் சுமந்து வந்தனர். அன்பினால் செய்ததுதான், என் செய்வது!

இத்தகையோரின் உயிருக்குப் பின்னர் நேரும் ஆபத்து பெரும்பாலும் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொல்லையாலும் வருவது. நாம் உறக்கத்திலும் புரண்டு படுப்பதற்குக் காரணம் நோவு. நோவு தெரியாத உடம்பு ஒரே இடத்தில் அழுந்தியிருந்து, இரத்த ஓட்டம் தடைப்பட்டுச் சதை அழுகுகிறது. எனவே படுக்கையில் இரண்டு மணிக்கொரு முறை புரட்டிவிட வேண்டும். நாற்காலியில் அமர்ந்திருப்பவர் கால்மணி, அரைமணிக்கொரு முறை கைகளை ஊன்றி உடலைச் சற்றே உயர்த்துதல் நலம். நாள்தோறும் கண்ணாடி கொண்டு முதுகையும் குதிகாலையும் பார்த்துச் சிவந்த இடம் உண்டா எனக் காண வேண்டும். சிறுநீரை மருத்துவமனையில் கற்பித்தபடி சுத்தமான மெல்லிய குழாய் கொண்டு நான்கு முதல் ஆறு மணிக்கொரு முறை வெளியேற்றாவிடில் சிறுநீரகம் கெடும். நடு மார்புக்கு மேலே பழுதுற்றவருக்குத் திடீரெனக் கடுந்தலைவலியும் முகத்தில் வியர்வையும் கண்டால், உடனே நிமிர்த்தி அமர்த்தி, ஆடையைத் தளர்த்தி, சிறுநீர் அடைபட்டுள்ளதா என்று பார்த்து, தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்க.

டாக்டர் லுட்விக் குட்மன் 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில்லில் பொறுப்பேற்குமுன், இத்தகையோர் சில ஆண்டுகளே வாழ்வர் என்பது பொதுக் கருத்து. இரண்டு மணிக்கொரு முறை புரட்டும் வழக்கத்தை அங்கே அவர் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தினார். நம் வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் விபத்தில் கால்களை இயக்கும் ஆற்றல் இழந்தார். எனினும் சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பின்பு அமெரிக்காவில் பயின்று வந்தார். அவர் முயற்சியால் அங்கு மறுவாழ்வு நிலையம் 1966இல் திறக்கப்பட்டது. தென்காசி அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981இல் நிறுவிய திரு. எஸ். ராமகிருஷ்ணனும் 1975இல் விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவரே.

நம் நண்பர் முதல் ஆறு மாதம் சுவரை நோக்கியே படுத்திருந்தார் என்று அவர் மனைவி கூறினார். சம்பாதிக்கும் கை வீணாயிற்றே என்ற ஏக்கம் அவரை வாட்டிற்று. குழித்தறியில் மிதியை மிதிக்கக் கால் வேண்டும். அது இனி இயலாது. ஆனால் தார் சுற்றக் கைகள் போதும். ராட்டையை மேசைமேல் பொருத்தி, தடித்த மெத்தையிட்டு அமரச் செய்த பின்னரே அவர் முகம் தெளிந்தது. இப்போது மூன்று தறிகளுக்குத் தார் சுற்றுகிறார், கூலி குறைவுதான். கணக்கெழுதவும் பழகி வருகிறார். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டையும் பராமரிப்பு உதவியும் கோரி மனுச் செய்திருக்கிறார். இம்மனுவைத் தாமதிப்பது நட்டமே.

பங்குத்தொகை செலுத்திய ஒருவரை, அறிவிப்பும் விளக்கமளிக்க வாய்ப்பும் தராமல் நீக்குதல் முறையன்று என நிர்வாகக் குழுவினரிடம் தெரிவித்தேன். அவர்கள் மறுக்கவில்லை. பொதுக்கூட்டத்துக்கு அவர் எப்படி வருவார் என்று மட்டும் ஒருவர் கேட்டார். சங்கக் கட்டடத்திற்கு மூன்று படிகள், உயரம் ஒன்றரை அடி. ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது கணக்கு. ஆக 18 அடிச் சாய்தளம். வாசலில் இருபது அடி இடமிருந்தது. நாங்களே நாடா வைத்து அளந்து பார்த்தோம்.