நத்தைக் குஞ்சு முதன்முதலில் தின்பது எதை, தெரியுமா?

குன்னூர்ப் பக்கம் மழை பிடித்துக்கொண்ட பிறகு பூந்தொட்டி மண்ணை மெல்லக் கிளறிப் பாருங்கள். ஜவ்வரிசி மாதிரி வெள்ளை உருண்டைகள் கொத்தாகக் கிடைக்கலாம். உரக்குருணை என்று வீசிவிடாதீர்கள், அவை நத்தை முட்டைகளாக இருக்கக்கூடும்!

பொரித்து வந்த குஞ்சு முதலில் தின்பது எதை? தான் இருந்த முட்டையின் ஓட்டையேதான்! பக்கத்தில் பொரிக்காத முட்டை கிடந்தால் சில இனக் குஞ்சுகள் அதையும் விடுவதில்லை. கொடூரம் என்று நினைக்க வேண்டாம். அதற்கு அவசரமாகச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். தின்று முடித்த பிறகும் சில நாட்கள் மண்ணுக்குள்ளேயே கிடக்கும். "இன்னும் வரலையே" என்று விரலை விட்டுத் தோண்டினால் போச்சு, மெல்லிய ஓடு நொறுங்கிவிடும்.

ஆமாம், நத்தை ஓட்டோடுதான் பிறக்கிறது! அந்தப் பிறவி ஓடு கடைசிவரை கழன்று விழுவதில்லை. வளர்ந்த நத்தையின் ஓட்டு நுனியில், சுருள் தொடங்கும் இடத்தில், ஒரு சிறு புள்ளி தெரிகிறதே, அதுதான் குழந்தைப் பருவத்து ஓடு. அதன் விளிம்பில் ஒட்டி ஒட்டியே மீதி முழுவதும் கட்டப்படுகிறது. பிறந்த புதிதில் பல இனங்களின் ஓடு கண்ணாடிபோல் இருக்கும். உருப்பெருக்கி வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் உள்ளே இதயம் துடிப்பதே தெரியும்!

நீலகிரியில் நத்தைக் குஞ்சு வளர்ப்பவர்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. தேயிலைக்கு அமில மண்தான் பிடிக்கும். கார அமிலக் குறியீடு 4.5 முதல் 5.5 வரை இருந்தால் செடி செழிக்கும். அந்த மண்ணில் சுண்ணாம்பு குறைவு. அமிலம் அளவு மீறினால் எஸ்டேட்களிலேயே டோலமைட் தூவுகிறார்கள். தேயிலைக்கு உகந்த அந்த மண், ஓடு கட்டப் பாடுபடும் குஞ்சுக்குப் பட்டினி மண். தோட்டத்து மண்ணை அப்படியே அள்ளிப் பெட்டியில் போடாதீர்கள், உரமும் மருந்தும் வேறு கலந்திருக்கும். தென்னைநார்த் தூளை நனைத்துப் பிழிந்து இரண்டு அங்குலம் பரப்புங்கள். ஈரம் இருக்க வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. தேங்கினால் குஞ்சு மூழ்கிச் செத்துவிடும். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை அடித்தால் ஒரு ராத்திரி திறந்து வைத்துவிட்டுத் தெளியுங்கள்.

சுண்ணாம்புக்கு எங்கே போவது? நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேளுங்கள், கணவாய் ஓட்டைத் தருவார்கள். அதில் ஒரு துண்டு போதும். இல்லாவிட்டால் கோழிமுட்டை ஓட்டைக் கழுவி, காயவைத்து, மாவாகப் பொடித்துத் தூவலாம். தீனிக்கு இங்கிலீஷ் காய்கறி விளையும் ஊரில் பஞ்சமா என்ன! கேரட், கோஸ் இலை, வெள்ளரித் துண்டு எதுவானாலும் மருந்து போக நன்றாகக் கழுவிக் கொடுங்கள். நாவில் ஆயிரக்கணக்கான நுண்பற்களை வைத்துக்கொண்டு அது கேரட்டைச் சுரண்டித் தின்பதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும்! உப்பு மட்டும் அந்தப் பக்கமே வரக் கூடாது. இடம் மாற்ற வேண்டுமானால் ஓட்டைப் பிடித்துத் தூக்காமல், இலையைக் காட்டி அதையே ஏறவிடுங்கள்.

ஓடு எந்தப் பக்கம் சுருள வேண்டும் என்பதைக் குஞ்சின் மரபணு தீர்மானிப்பதில்லை, தாயின் மரபணுதான் தீர்மானிக்கிறது என்று தெரியுமா? குளத்து நத்தைகளில் இதைத் தெளிவாகக் கண்டறிந்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் ஜெரமி என்று ஒரு தோட்டத்து நத்தை இருந்தது. மற்ற நத்தைகளுக்கு நேர்மாறாகச் சுருண்ட அபூர்வப் பிறவி. 2017இல் அது இறப்பதற்கு முன் அதற்குப் பிறந்த குஞ்சுகளோ அத்தனையும் சாதாரணச் சுருள்!

இன்னொரு விந்தை. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இண்ட்ரெல்லா ஆம்புல்லா என்ற நத்தை நீலகிரியில் உண்டு. சிவப்பு, மஞ்சள் என்று உடலே வண்ணமாக மின்னும். அந்தப் பேரினத்தில் இது ஒன்றே ஒன்றுதான்! 1850இல் இதை அறிவியலுக்கு விவரித்தவர் வில்லியம் பென்சன். பயிரை அழிக்கும் ராட்சத ஆப்பிரிக்க நத்தையை 1847இல் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தவரும் இதே பென்சன்தான்! அங்கே ஒரு தோட்டத்தில் விடப்பட்டது இன்று நாடெங்கும் பரவிக் கிடக்கிறது.

ஆகவே இண்ட்ரெல்லாவைச் சோலையிலேயே விடுங்கள், வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள். கூம்பு ஓட்டில் பழுப்பு வரியோடிய ஆப்பிரிக்க நத்தையின் குஞ்சுகளையோ வளர்க்கவே வேண்டாம். ஒரே ஈற்றில் நூற்றுக்கு மேல் முட்டையிடும், எலி நுரையீரல் புழுவையும் சுமக்கும். அந்தப் புழு மனிதருக்கு மூளைக்காய்ச்சல் உண்டாக்கக்கூடியது. எந்த நத்தையைத் தொட்டாலும் பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவியே ஆக வேண்டும்.

ஜனவரியில் ஊட்டியில் உறைபனி கொட்டும்போது நத்தை ஓட்டுக்குள் ஒடுங்கி, வாயைச் சளிப்படலத்தால் அடைத்துக்கொண்டு தூங்கலாம். செத்துவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள்! பிரிட்டிஷ் மியூசியத்தில் 1846இல் அட்டையில் ஒட்டிவைத்த எகிப்துப் பாலைவன நத்தை ஒன்று, 1850இல் வெதுவெதுப்பான நீரில் போட்டதும் விழித்துக்கொண்டு ஊர்ந்தது. பெரிய நத்தைக்கு அந்தத் தெம்பு உண்டு. குஞ்சுக்குக் கிடையாது, சீக்கிரம் உலர்ந்துபோகும். பெட்டியை வீட்டுக்குள் வெயில் படாத மூலையில் வைத்து, தினமும் சாயங்காலம் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிடுங்கள்.