மஞ்சள் இலையைச் சுருட்டும் துள்ளி வண்ணத்துப்பூச்சி

மாத்தளை மாவட்டத்திலே மிளகு, கறுவா, சாதிக்காய் முதலிய வாசனைத் திரவியங்கள் வளரும் தோட்டங்களிலும், வீட்டு வளவுகளிலும் மஞ்சள் பயிரிடப்பட்டு வருகின்றது. 2020ஆம் ஆண்டளவில் மஞ்சள் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டு அதன் விலை பன்மடங்கு உயர்ந்தபோது, முன்னர் இப்பயிரை நாடாதவர்களும் அதனை நடத் தொடங்கினர். புதிதாக மஞ்சள் செய்யும் கமக்காரர், மழைக்காலத்தில் இலையோரங்கள் குழல்போல் சுருண்டிருக்கக் கண்டால், பெரும் பீடை வந்துவிட்டதென அஞ்சிப் பூச்சிநாசினி தெளிக்க முற்படுதல் இயல்பே. ஆயின், தெளிப்பதற்கு முன்னர் அச்சுருளினுள் இருப்பது யாதென விரித்துப் பார்த்தல் வேண்டும்.

உள்ளே இளம்பச்சை நிறமுடைய புழு ஒன்று காணப்படும். அதன் உடல் மயிரின்றி வழவழப்பானது. தோல் மெல்லியதாகையால் உண்ட இலையின் பச்சை வெளியே தெரியும். தலையோ பெரிதாகவும் கறுப்பாகவும் இருக்கும். தலைக்கும் உடலுக்கும் இடையே கழுத்துப் போன்றதோர் ஒடுக்கம் உண்டு. இவ்வொடுக்கம் துள்ளிக் குடும்பத்துப் புழுக்கள் அனைத்துக்கும் உரிய அடையாளமாகும். வேகமாகவும் துள்ளித் துள்ளியும் பறத்தலால் இக்குடும்பத்து வண்ணத்துப்பூச்சிகள் துள்ளிகள் எனப்படுகின்றன.

இத்துள்ளிக்கு அறிஞர் வழங்கும் பெயர் உடாஸ்பஸ் போலஸ் என்பதாம். தாய்ப்பூச்சி, சிவந்த நிறமான முட்டைகளை மஞ்சள், இஞ்சி முதலியவற்றின் இலைகளில் தனித்தனியே இடும். நான்கைந்து நாட்களிற் பொரித்து வெளிவரும் புழு, இலையை ஓரத்திலிருந்து வெட்டி மடித்துத் தன் வாயிற் சுரக்கும் பட்டிழையாற் பிணைத்து, அம்மடிப்பினுள்ளே வாழும். வளர வளரப் பெரிய சுருளை அமைத்துக்கொள்ளும். இரண்டு அல்லது மூன்று வாரங்களின் பின் அங்கேயே கூட்டுப்புழுவாகி, மேலும் ஒரு வாரமளவிற் பூச்சியாக வெளிவரும்.

பூச்சியை இனங்காணுதல் கடினமன்று. விரித்த சிறகுகள் ஏறக்குறைய ஒன்றே முக்கால் அங்குல அகலமுடையன, நிறம் கருங்கபிலம். முன்சிறகுகளில் வெண்புள்ளிகள் பல இருக்கும். பின்சிறகின் நடுவிலே ஒழுங்கற்ற பெரிய வெள்ளைத் திட்டு ஒன்று உண்டு. இத்திட்டையே முதலிற் கவனித்தல் வேண்டும். ஏனெனில், இஞ்சிக் குடும்பத் தாவரங்களையே உண்ணும் இதன் உறவான நொட்டோகிரிப்டா இனத் துள்ளிகளிலும் முன்சிறகில் வெண்பட்டை உண்டு. பின்சிறகோ திட்டின்றி வெறுமையாயிருக்கும். கமக்காரருக்கு இவ்விரண்டும் ஒன்றே. புழுவின் வேலையும் ஒன்றே.

கமக்காரர் உண்மையில் அஞ்சவேண்டியது வேறொன்றை. அது தண்டு துளைப்பான். அதன் பூச்சி செம்மஞ்சள் நிறமும் சிறு கரும்புள்ளிகளும் கொண்ட ஓர் அந்துப்பூச்சி. அதன் புழு இலையைச் சுருட்டாது. தண்டினுள்ளே துளைத்துச் சென்று குருத்தை அரிக்கும். தண்டிலே சிறு துளையும், அதனூடே வெளித்தள்ளப்பட்ட எச்சமும், மஞ்சளாகி வாடிய நடுக்குருத்தும் காணப்படின் அதன் வேலையென்று துணியலாம். அத்தகைய தண்டுகளை உடனே வெட்டிப் பிளந்து உள்ளிருக்கும் புழுவை அழித்தல் வேண்டும். இலைச்சுருளில் மனம் செலுத்தி இதனைக் காணாது விடுவோர் கிழங்கிலே நட்டமடைவர்.

துள்ளிப் புழுவினால் நட்டமே இல்லையென்று கொள்ளலாகாது. கிழங்கு பருப்பதற்கு வேண்டிய உணவை ஆக்குவன இலைகளே. இளம் பயிரிற் பெரும்பாலான இலைகள் தின்னப்படின் விளைச்சல் குறையும். ஆயினும் பாத்திக்குச் சில சுருள்களே காணப்படுமாயின், பாத்திகளினூடே நடந்து அவற்றைக் கையால் நசுக்குதல் போதுமானது. பிள்ளைகளும் இவ்வேலையைச் செய்யலாம். தெளிக்கும் மருந்து மூடிய சுருளுக்குள் எளிதிற் புகாது. அது வெளியே திரியும் சிறு குளவிகளையே முதலிற் கொல்லும். அக்குளவிகளுட் சில புழுக்களின் உடலில் முட்டையிட்டு அவற்றை அழிப்பன. வீட்டு வளவிற் சிறிதளவு மஞ்சள் செய்வோருக்கு மருந்துச் செலவு வேண்டாததொன்று.

இலைகளில் பெரும்பகுதி சுருண்டிருப்பின், அல்லது சுருளினுள் மேற்கூறியதற்கு மாறான புழு காணப்படின், அவ்விலையைப் புழுவுடன் துளையிட்ட போத்தலொன்றில் இட்டு, உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடமோ, மாத்தளையிலுள்ள ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையத்திலோ காட்டுக. இலை வாடுமுன் கொண்டுசெல்லுதல் நன்று.