பாக்கெட்டில் ஒரு ரேஞ்ச்ஃபைண்டர்

ஃபிலிம் நாட்கள் - 11

எஸ்.எல்.ஆர். கேமராக்களைப் பற்றி எழுதி முடித்ததும் வந்த கடிதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. தோளில் தொங்கும் சுமை வேண்டாம், பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கிளம்ப ஒரு ஃபிலிம் கேமரா எது? விவரம் தெரிந்த சிலர் கூடவே இரண்டு நிபந்தனையும் போட்டிருந்தார்கள். தூரத்தைக் குத்துமதிப்பாக வைக்கக் கூடாது, கண்ணால் பார்த்து ஃபோகஸ் செய்ய வேண்டும். ஷட்டர் வேகம், அப்பர்ச்சர் இரண்டும் என் கையில் இருக்க வேண்டும்.

நியாயமான ஆசை. ஆனால் சிறிய அளவு, ரேஞ்ச்ஃபைண்டர், முழு மேனுவல் ஆகிய மூன்றும் ஒன்றாக அமைந்த கேமராக்கள் சொற்பம். பழைய கேமரா விற்பவர்கள் முதலில் எடுத்துக் காட்டும் பிரபலமான சிறிய கேமராக்களில் இந்த மூன்றில் ஏதாவது ஒன்று பெரும்பாலும் இருக்காது. எது இல்லை என்று தெரிந்து வாங்கினால் பிரச்சினையில்லை. தெரியாமல் வாங்கினால் அலமாரியில்தான் கிடக்கும்.

முதலில் ரேஞ்ச்ஃபைண்டர் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். கேமராவின் முகப்பில் ஒரு பெரிய ஜன்னலும் சற்றுத் தள்ளி ஒரு சிறிய ஜன்னலும் இருக்கும். பெரியதன் வழியாக நாம் நேராகப் பார்க்கிறோம். சிறியதன் வழியே நுழையும் ஒளி உள்ளே ஒரு கண்ணாடியில் பட்டுத் திரும்பி, பாதி ரசம் பூசிய இன்னொரு கண்ணாடி வழியாக நம் பார்வையின் நடுவில் ஒரு சின்னக் கட்டமாக விழும். எதிரே உட்கார்ந்திருப்பவர் மூக்குக்கண்ணாடி போட்டிருக்கிறார் என்று வையுங்கள். அந்தக் கட்டத்துக்குள் அவருடைய கண்ணாடி விளிம்பு இரண்டாகத் தெரியும். லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப, விலகி நிற்கும் விளிம்பு மெல்ல நகர்ந்து வந்து மற்றதோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டும் ஒன்றானால் ஃபோகஸ் சரி. லென்ஸோடு இப்படி இணைந்த ரேஞ்ச்ஃபைண்டர் 1916லேயே கோடக்கின் 3ஏ ஆட்டோகிராஃபிக் ஸ்பெஷலில் வந்துவிட்டது. 35 மி.மீ. ஃபிலிமுக்கு 1932இல் லைக்கா II அதைக் கொண்டுவந்தது.

இனி கேமராக்கள். சிறிய ஃபிலிம் கேமரா என்றதும் எல்லோரும் சொல்வது ரோலை 35. அதன் பின்னால் ஒரு மனிதரின் பிடிவாதம் இருக்கிறது. ஜெர்மனியில் விர்கின் நிறுவனத்தில் வடிவமைப்பாளராக இருந்தவர் ஹைன்ஸ் வாஸ்கே. 1960களின் தொடக்கத்தில் சிறிய கேமரா என்றாலே ஃபிலிம் சட்டத்தைப் பாதியாக வெட்டும் ஹாஃப் ஃபிரேம்தான். அந்தப் பாதி வேண்டாம், 24க்கு 36 மி.மீ. முழுச் சட்டத்தையே உள்ளங்கைக்குள் அடக்குவேன் என்று அவர் இறங்கினார். வடிவம் தயாரானபோது முதலாளி கேமராத் தொழிலையே விடப்போவதாகச் சொல்லிவிட்டார். லைட்ஸும் கோடக்கும் வேண்டாம் என்றன. 1965இல் ரோலையில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அந்தக் கேமராவுக்கு வழி பிறந்தது. அடுத்த ஆண்டு கொலோன் நகரின் ஃபோட்டோகினா கண்காட்சியில் அது அறிமுகமானது. 40 மி.மீ. டெஸ்ஸார் லென்ஸ், 1/2 நொடியிலிருந்து 1/500 வரை இயந்திர ஷட்டர், எடை சுமார் 370 கிராம். லென்ஸை உள்ளே தள்ளிவிட்டால் சட்டைப் பையில் இறங்கிவிடும். ஷட்டரைக் காக் செய்துவிட்டுத்தான் தள்ள வேண்டும். அதை மறந்து பலவந்தமாகத் தள்ளினால் உள்ளே எதையாவது உடைத்துவிடுவீர்கள்.

எவ்வளவு கொண்டாடினாலும் தகும் கேமரா. ஆனால் அதில் ரேஞ்ச்ஃபைண்டர் இல்லை. தூரத்தை மனத்தால் அளந்து வளையத்தில் வைக்க வேண்டும். பகல் வெளிச்சத்தில் இது பெரிய விஷயமே இல்லை. f/8இல் 3 மீட்டருக்கு வைத்தால், ஏறக்குறைய 2 மீட்டரிலிருந்து 5 மீட்டருக்குச் சற்று மேல்வரை தெளிவாக விழும். சாயங்காலம் வீட்டுக்குள் அப்படி நடக்காது. அப்பர்ச்சரை f/3.5க்குத் திறந்து, ஒரு மீட்டர் தூரத்தில் பாட்டியின் முகத்தை எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் சுமார் 13 செ.மீ. உங்கள் கணிப்பு ஒரு சாண் தவறினால் கண்கள் மங்கிவிடும். நான் குடும்பத்தாரை, நண்பர்களை, டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களை எடுப்பவன். எனக்கு அந்த 13 செ.மீ. முக்கியம்.

அடுத்தது ஒலிம்பஸ் எக்ஸ்.ஏ. 1959இல் பென் கேமராவையும் 1972இல் ஓ.எம்.-1ஐயும் தந்த யோஷிஹிசா மைதானி 1979இல் கொண்டுவந்தது. முன்பக்கக் கதவை விரலால் நகர்த்தினால் லென்ஸ் வெளிப்படும். தனி மூடியும் வேண்டாம், உறையும் வேண்டாம். சுமார் 225 கிராம்தான். அதற்குள் 35 மி.மீ. f/2.8 லென்ஸ், உண்மையான ரேஞ்ச்ஃபைண்டர். அளவு என்று பார்த்தால் இதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அப்பர்ச்சர் மட்டும்தான் நம் கையில். ஷட்டர் வேகத்தைக் கேமராவே முடிவு செய்யும். ஐ.எஸ்.ஓ. எண்ணை மாற்றி அதை ஏமாற்றலாம் என்பார்கள். சுற்றி வளைத்துச் செய்யும் வேலைக்கு மேனுவல் என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. பேட்டரி தீர்ந்தால் ஒரு படம்கூட எடுக்க முடியாது.

கேனனெட் கியூ.எல்.17 ஜி-III, 1972இல் வந்தது. ரேஞ்ச்ஃபைண்டர் உண்டு, முழு மேனுவல் உண்டு, 40 மி.மீ. f/1.7 லென்ஸ் இரவிலும் கைகொடுக்கும். ஆனால் 600 கிராமைத் தாண்டும். கோட்டுப் பையில் வேண்டுமானால் போகும், நம் ஊர்ப் பருத்திச் சட்டைப் பையில் போகாது. பேட்டரி என்ற பேச்சே வேண்டாம் என்பவர்களுக்கு ஸ்டுட்கார்ட்டில் செய்த கோடக் ரெட்டினா IIஏ இருக்கிறது. 1950களின் தொடக்கத்து மடக்குக் கேமரா. மீட்டரே கிடையாது, எல்லாம் இயந்திரம்.

நான் பரிந்துரைப்பது ஒலிம்பஸ் 35 ஆர்.சி. 1970இல் வந்த இது இன்றும் பேசப்பட வேண்டிய அளவுக்குப் பேசப்படவில்லை என்பது என் ஆதங்கம். அகலம் சுமார் 11 செ.மீ., உயரம் 7, தடிமன் 5. எடை 400 கிராமுக்குச் சற்று மேல். சட்டைப் பையில் முட்டும், பேன்ட் பாக்கெட்டில் தாராளமாக அடங்கும். 42 மி.மீ. f/2.8 லென்ஸ். ஷட்டர் 1/15இலிருந்து 1/500 வரை, பிறகு பி. வேகத்துக்கான சக்கரம் மேல்தட்டின் முன்விளிம்பில் ஆள்காட்டி விரலுக்கு நேராக இருக்கிறது. கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமலே திருப்பலாம், எந்த வேகம் என்பது வியூஃபைண்டருக்குள்ளேயே தெரியும். இந்த அளவுக் கேமராவில் அந்த வசதி ஆச்சரியம்தான்.

அப்பர்ச்சர் வளையத்தை ‘ஏ’யில் வைத்தால், நீங்கள் வேகத்தைச் சொல்ல, அப்பர்ச்சரைக் கேமரா தேர்ந்துகொள்ளும். வெளிச்சம் அதன் எல்லையைத் தாண்டினால் ஷட்டர் அசையாது, ரோல் வீணாகாது. ‘ஏ’யிலிருந்து நகர்த்திவிட்டால் முழு மேனுவல். அப்போது மீட்டர் ஒதுங்கிக்கொள்ளும். குறையாகத் தெரியலாம், பழகிவிட்டால் தடையில்லை. ‘ஏ’யில் வைத்து முள் காட்டும் எண்ணைப் படித்துக்கொண்டு, பிறகு கூட்டியோ குறைத்தோ கையால் வைக்கலாம். உச்சி வெயிலில் மீட்டரே வேண்டாம். 200 ஐ.எஸ்.ஓ. ரோலுக்கு 1/250, f/16 போதும். பேட்டரி இல்லாமலும் எல்லா வேகங்களும் ஓடும்.

ரேஞ்ச்ஃபைண்டரின் இரண்டு ஜன்னல்களும் நெருங்க நெருங்கத் துல்லியம் குறையும். குட்டிக் கேமராவில் அவை நெருங்கித்தான் இருக்கும். 42 மி.மீ. f/2.8க்கு அந்தத் துல்லியம் போதும். சிறிய உடலுக்குப் பெரிய லென்ஸ் கேட்காததுதான் இதன் அழகு.

பேட்டரி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1.35 வோல்ட் தரும் பி.எக்ஸ்.625 பாதரச பேட்டரியை நம்பி வந்த கேமரா இது. பாதரசத்துக்குத் தடை வந்தபின் அது சந்தையிலிருந்து போய்விட்டது. அதே அளவில் கிடைக்கும் ஆல்கலைன் 1.5 வோல்ட். மீட்டர் கூடுதல் வெளிச்சம் இருப்பதாக நினைத்துக்கொள்ளும், படம் கறுக்கும். காது கேட்கும் கருவிக்கான 675 துத்தநாகக் காற்று பேட்டரி 1.4 வோல்ட் தரும். மருந்துக்கடையிலேயே பல இடங்களில் கிடைக்கிறது. விட்டம் சிறியது என்பதால் சுற்றி ஒரு ரப்பர் வளையம் போட வேண்டும். சில மாதங்களில் தீர்ந்துவிடும், ஆனால் விலை அதிகமில்லை.

வாங்கும்போது அவசரப்படாதீர்கள். பின்கதவைத் திறந்து, அப்பர்ச்சரை 2.8இல் வைத்து, ஷட்டரை ‘பி’யில் அழுத்திப் பிடித்தபடி முன்னாலிருந்து மொபைல் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பின்னாலிருந்து பாருங்கள். தூசு இருந்தால் கவலையில்லை. கண்ணாடி ஓரத்திலிருந்து சிலந்தி வலைபோல இழைகள் கிளம்பியிருந்தால் அது பூஞ்சை. சென்னை, கொழும்பு போன்ற கடலோர ஊர்களின் ஈரத்தில் அது வேகமாகப் பரவும், சில சமயம் லென்ஸின் பூச்சையே தின்றுவிடும். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதை விட்டுவிடுங்கள். ஷட்டர் இதழ்களில் எண்ணெய் மினுமினுக்கிறதா என்று பாருங்கள். எண்ணெய் பட்ட இதழ்கள் ஒட்டிக்கொண்டு தாமதமாகத் திறக்கும். 1/15ஐயும் 1/500ஐயும் மாற்றி மாற்றி அடித்துக் காதால் கேட்டால் வித்தியாசம் தெரிய வேண்டும்.

பிறகு கடைக்கு வெளியே வாருங்கள். தூரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டியோ செல்போன் கோபுரமோ இருக்கும். லென்ஸை முடிவிலிக்கு வைத்துப் பாருங்கள். கட்டத்துக்குள் கோபுரம் ஒன்றாகத் தெரிய வேண்டும். பக்கவாட்டில் விலகினாலும் மேல்கீழாக விலகினாலும் அதைச் சரிசெய்யத் தெரிந்த மெக்கானிக் செய்துவிடுவார். கட்டமே மங்கி மறைந்திருந்தால் அந்தப் பாதிரசக் கண்ணாடி தேய்ந்திருக்கிறது என்று பொருள். அதை மாற்றுவது செலவு. கதவு விளிம்பில் உள்ள கறுப்பு நுரை பிசுபிசுத்து விரலில் ஒட்டினால் பயப்பட வேண்டாம். இத்தனை வயதான கேமராவில் அது சகஜம். சுரண்டி எடுத்துவிட்டுக் கறுப்புக் கம்பளி நூலை வைத்து நீங்களே அடைக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் தோல் உறையிலிருந்து கேமராவை வெளியே எடுத்துவிடுங்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைப்பது நல்லது. முதல் ரோலில் ஒவ்வொரு படத்துக்கும் வேகம், அப்பர்ச்சர், தூரம் மூன்றையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே காட்சியை ஒரு முறை ‘ஏ’யிலும் ஒரு முறை வெயில் கணக்கிலும் எடுங்கள். நெகட்டிவ் வந்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மீட்டர் எவ்வளவு பிசகுகிறது என்று தெரிந்துவிடும். அந்தப் பிசகைப் பொறுத்து ஐ.எஸ்.ஓ. எண்ணை மாற்றி வைத்துவிட்டால் பிறகு கவலையில்லை.

அந்த நெகட்டிவை வீட்டுக் குளியலறையிலேயே கழுவுவது எப்படி என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)