20000 என்னும் எண்ணும் அதன் முதன்மைக் காரணிகளும்

மாணவர்களே, கண்டி நகருக்குக் கடிதம் அனுப்பும்போது முகவரியின் இறுதியில் 20000 என்னும் அஞ்சற் குறியீட்டு இலக்கத்தை எழுதுகிறோம். அங்கு அது ஓர் இடத்தைக் காட்டும் அடையாளம் மாத்திரமே. ஆயினும் அதனை ஒரு முழுவெண்ணாகக் கொண்டு ஆராய்ந்தால், வினாத்தாளில் வெவ்வேறு அலகுகளுக்குரியனவாகத் தோன்றும் வினாக்கள் பலவற்றுக்கு முதன்மைக் காரணிகளைக் கொண்டே விடை காணலாம் என்பது புலப்படும்.

1. முதன்மைக் காரணிகள்

விஞ்ஞானமுறைக் குறிப்பீட்டில் 20000 = 2 × 10⁴ ஆகும். இதனையே முதன்மைக் காரணிகளின் பெருக்கம் என எழுதுவது பிழை. ஏனெனில் 10 ஒரு முதன்மை எண் அன்று. 10 = 2 × 5 ஆதலால்,

20000 = 2 × (2 × 5)⁴ = 2 × 2⁴ × 5⁴ = 2⁵ × 5⁴

2. காரணிகளின் எண்ணிக்கை

20000 இன் ஒவ்வொரு காரணியிலும் 2 இன் சுட்டி 0 முதல் 5 வரை 6 விதமாகவும், 5 இன் சுட்டி 0 முதல் 4 வரை 5 விதமாகவும் அமையலாம். ஆகவே காரணிகள் 6 × 5 = 30 ஆகும். ஒவ்வொன்றாக எழுதிச் சென்றால் சில விடுபடக்கூடும். 30 என முன்னரே அறிந்திருப்பின் விடையைச் சரிபார்க்கலாம். 2 இன் சுட்டி 0 ஆகும்போது ஒற்றைக் காரணிகள் கிடைக்கும். அவை 1, 5, 25, 125, 625 என ஐந்து மட்டுமே.

3. வர்க்கமும் கனமும்

நிறைவர்க்கமொன்றில் எல்லாச் சுட்டிகளும் இரட்டை எண்களாக இருத்தல் வேண்டும். இங்கு 2 இன் சுட்டி 5 ஆதலால் 20000 நிறைவர்க்கம் அன்று. 2 ஆல் பெருக்கினால் 40000 = 200² ஆகும்; 2 ஆல் வகுத்தால் 10000 = 100² ஆகும். எனவே √20000 = 100√2. இது ஏறத்தாழ 141.4 ஆகும்.

நிறைகனத்தில் சுட்டிகள் 3 இன் மடங்குகளாக வேண்டும். அதற்கு 2 × 5² = 50 ஆல் பெருக்குக. 1000000 = 100³ கிடைக்கும்.

4. தசமம்

20000 இன் முதன்மைக் காரணிகள் 2, 5 ஆகியன மட்டுமே. ஆகவே 20000 ஐப் பகுதியாகக் கொண்ட எந்தப் பின்னமும் முடிவுறு தசமமாகும்.

1/20000 = 5/100000 = 0.00005

5. பொ.கா.பெ., பொ.ம.சி.

பேராதனையின் அஞ்சற் குறியீட்டு இலக்கம் 20400 = 2⁴ × 3 × 5² × 17.

பொ.கா.பெ. காண, பொதுவான முதன்மைக் காரணிகளின் சிறிய சுட்டிகளை எடுக்க: 2⁴ × 5² = 400.

பொ.ம.சி. காண, எல்லா முதன்மைக் காரணிகளினதும் பெரிய சுட்டிகளை எடுக்க: 2⁵ × 3 × 5⁴ × 17 = 1020000.

பயிற்சி

கட்டுகஸ்தோட்டையின் அஞ்சற் குறியீட்டு இலக்கம் 20800 ஆகும்.
(அ) அதனை முதன்மைக் காரணிகளின் பெருக்கமாக எழுதுக.
(ஆ) அதன் காரணிகளின் எண்ணிக்கையைக் காண்க.
(இ) 20000, 20800 ஆகியவற்றின் பொ.கா.பெ. யாது?

விடைகள்: (அ) 2⁶ × 5² × 13 (ஆ) 42 (இ) 800

பெரிய எண்ணைக் கண்டு தயங்க வேண்டாம். முதலில் அதனை முதன்மைக் காரணிகளாகப் பிரித்து எழுதுங்கள். அதன்பின் வினா கேட்பது எதுவெனச் சுட்டிகளைப் பார்த்தே விடையளிக்கலாம்.