வோல்ட்டேஜ் கோளாறா, எர்த் கோளாறா?

கிராமத்துக் கடைகளில் பிரிட்ஜ் கம்ப்ரசர் அடிக்கடி எரிந்தால் மிஷினைத்தான் நாம் குறை சொல்கிறோம். கோளாறு பல சமயம் லைனில் இருக்கிறது.

நமக்கு வர வேண்டியது 230 வோல்ட். மாலையில் ஊரெங்கும் விளக்குகள் மங்கினால் அது லோடு கூடியதால் வரும் குறைவு. ஸ்டெபிலைசர் ஓரளவு கைகொடுக்கும். நம் கடை விளக்கு மங்கும்போது பக்கத்துக் கடை விளக்கு கண் கூசும்படி எரிந்தால் நியூட்ரல் விட்டுப்போயிருக்கலாம். அப்போது சில கடைகளுக்கு 400 வோல்ட் வரைகூட ஏறும். உடனே மெயினை அணைத்துவிட்டு லைன்மேனுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.

பிரிட்ஜைத் தொட்டால் 'சுர்' என்கிறதா? அதை அலட்சியம் செய்யக் கூடாது. எலக்ட்ரீஷியனைக் கொண்டு மூன்று அளவு பார்க்கச் சொல்லுங்கள்:

1. பேஸ்–நியூட்ரல்: சுமார் 230.
2. பேஸ்–எர்த்: ஏறக்குறைய அதே அளவு. மிகவும் குறைந்தால் எர்த் அறுந்திருக்கிறது.
3. நியூட்ரல்–எர்த்: ஓரிரு வோல்ட். அதற்கு மேல் ஏறினால் நியூட்ரலிலோ எர்த்திலோ பழுது.

மீட்டர் சரியாகக் காட்டினாலும் துருப்பிடித்த எர்த் ஆபத்து வேளையில் உதவாது. எர்த் டெஸ்டர் வைத்துப் பார்ப்பதே உறுதி. கோடையில் எர்த் குழி காயாமல் தண்ணீர் ஊற்றுங்கள்.

எர்த் இல்லையென்று பிளக்கில் நியூட்ரலையே எர்த்தோடு முடிந்துவிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. நியூட்ரல் அறுந்தால் பிரிட்ஜ் உடம்பு முழுதும் கரண்ட் ஏறிவிடும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றை அவசியம் போடுங்கள். ஈரக் கையோடு பிரிட்ஜைத் திறப்பது பெரும்பாலும் நம் கடைப் பையன்தான். அவன் உயிருக்கு நாமே பொறுப்பு.