கொழுந்துக்குள் மருந்து உண்டா?

நோட்டன் பிரிட்ஜ் மலைகளில் காலைப் பெரட்டுக்கு வரும் சகோதரிகளில் சிலர், மாதத்தில் சில நாட்கள் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டே மலை ஏறுகின்றனர். கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர்தான். லயத்தில் நின்றுவிட்டால் அதுவும் இல்லை. “பொம்பளைக்கு இது வழமைதானே” என்று பெரியவர்கள் ஆறுதல் சொல்வார்கள்.

எல்லா வலியும் வழமையானதல்ல. கருப்பையின் உட்சவ்வை ஒத்த இழையம் கருப்பைக்கு வெளியே வளர்வது எண்டோமெட்ரியோசிஸ் எனும் நோயாகும். பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதத்தினருக்கு, அதாவது உலகில் சுமார் 19 கோடிப் பேருக்கு, இது உண்டென உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. கடும் வலி, அதிக உதிரப்போக்கு, பிள்ளைப்பேறு தாமதித்தல் ஆகியன இதன் அடையாளங்கள்.

அந்த இழையத்திலிருந்து கசியும் இரத்தத்தின் இரும்பு, சுற்றியுள்ள கலங்களைத் தாக்கும் ஒட்சிசன் பொருட்களைப் பெருக்கி அழற்சியை வளர்க்கிறது. இவற்றைத் தணிப்பவையே ஒட்சியேற்ற எதிரிகள். நாம் பறிக்கும் கொழுந்தில் அவை நிறைய உண்டு. பச்சைத் தேயிலையின் ஈ.ஜி.சி.ஜி. எனும் பொருளைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்தபோது நோய்த் திட்டுகள் சுருங்கின என்று ஹொங்கொங் சீனப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இலும் 2011இலும் அறிவித்தனர். திட்டுகளுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் புதுக் குழாய்கள் உருவாவதை அது தடுத்தது.

அப்படியானால் சாயத்தண்ணீர் குடித்தால் போதுமா? போதாது. சுண்டெலியில் கண்டது பெண்களுக்கான மருந்தாக இன்னும் நிலைநாட்டப்படவில்லை. கறுத்தத் தேயிலைக்காகக் கொழுந்தை நொதிக்க விடும்போது இப்பொருளின் பெரும்பகுதி வேறாக மாறிவிடுகிறது. சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். உதிரம் அதிகம் போகும் பெண்ணுக்கு இது மேலும் நட்டம். ஒரு மணி நேரம் கழித்துக் குடிப்பது நன்று. பச்சைத் தேயிலை மாத்திரைகளை வாங்கி விழுங்குவதும் ஆபத்து. மாத்திரையாக நாளொன்றுக்கு 800 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் ஈ.ஜி.சி.ஜி. எடுப்பது ஈரலைப் பாதிக்கக்கூடும் என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2018இல் எச்சரித்தது.

நாம் செய்யக்கூடியது என்ன? வலி வரும் நாட்களைக் கலண்டரில் குறித்து வையுங்கள். அதை எடுத்துக்கொண்டு டிக்கோயா ஆதார வைத்தியசாலை போன்ற இடத்தில் வைத்தியரைக் காணுங்கள். வலி நிவாரணி, ஹோர்மோன் மருந்து, தேவைப்படின் சத்திரசிகிச்சை என வழிகள் உண்டு. கணவன்மாரும் கூடச் செல்லட்டும். மாதர் சங்கக் கூட்டங்களில் இதைப் பற்றி வாய்திறந்து பேசுவோம்.

பன்னிரண்டு ஆண்டுகள் பெரும்பாட்டினால் வருந்திய பெண்ணை நற்செய்தியில் நாம் அறிவோம். அவள் கூட்டத்தின் நடுவே வந்தாள். நம் சகோதரிகளுக்கும் நாம் வழிவிட வேண்டும்.